ஸ்லைடைப் பிடிஎஃப் ஆக்கிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் 16 நெருங்கினாலே தமிழ் வகுப்புகளில் ட்ரூரோ கப்பல் பேச்சு வந்துவிடும். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் அது. இந்த முறை சாட்ஸ்வர்த்தில் எங்கள் வகுப்புக்காக ஆளுக்குக் கொஞ்சம் ஸ்லைடு போட்டுத் தந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அச்சுக்கடைக்காரர் பவர்பாயிண்ட் கோப்பைத் தொடவே மாட்டேன் என்றார். அதுவும் நியாயம்தான்.

மாற்றுவது என்னவோ நொடி வேலை. ‘சேவ் ஆஸ்’ போய்ப் பிடிஎஃப் என்று தேர்ந்தால் முடிந்தது. அதற்கு முன்னால் ஸ்லைடைச் சரிசெய்வதில்தான் உயிர் போகிறது.

முதலில் எழுத்துரு. சிலர் லதாவில் அடித்திருந்தார்கள். விண்டோஸ் 10இல் லதா தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாத கணினியில் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகள் மடங்கிப் படத்தின் மேல் ஏறிவிடும். ஒரு பெரியவர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தந்திருந்தார். என் திரையில் அது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிந்தது. “என் வீட்டில நல்லாத்தானே இருக்கு தம்பி?” என்றார். அவர் கணினியில் பாமினி இருக்கிறது, இருக்காதா பின்னே! அதை யூனிகோடுக்கு மாற்றி, மொத்தத்தையும் நிர்மலாவுக்கே கொண்டுவந்தேன்.

அடுத்தது அனிமேஷன். சென்னையிலிருந்து டர்பன் வரை கடல்வழி வரைபடம். கிளிக் செய்யச் செய்ய ஒவ்வொரு குறிப்பாக வந்து, முந்தையது மறையும். பிடிஎஃப்பில் அசைவு கிடையாது, எனவே எல்லாக் குறிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அந்த ஸ்லைடைக் கன்ட்ரோல்-டியால் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பை மட்டும் விட்டு மற்றதை அழித்தேன். அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் வேறு வழியில்லை. காணொளியும் உறைந்த படமாகிவிடும். அந்த இடத்தில் இணைப்பு கொடுத்துவிட்டேன். பிரிண்ட் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அந்த இணைப்புகள் செத்துவிடும், ‘சேவ் ஆஸ்’ வழியில் பிழைத்துக்கொள்ளும்.

அங்கேயே ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே பிடிஎஃப்/ஏ என்றோ, அந்தத் தரத்தின் எண்ணான ஐஎஸ்ஓ 19005-1 என்றோ ஒரு பெட்டி இருக்கும். அச்சுக்குப் போகும் பிரதிக்கு அதை டிக் செய்தேன். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பிறகு அக்ரோபேட் ரீடரில் ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து, எழுத்துருப் பட்டியலில் நிர்மலா பக்கத்தில் ‘எம்பெடட்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ‘மினிமம் சைஸ்’ பிரதி தனி. டேட்டா விற்கிற விலைக்கு அதுதான் சரி.

பிடிஎஃப் கைக்கு வந்ததும் ஸ்லைடுக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பல நேரம் இடம் மாறிக் குதறிப்போகும். திருத்தம் கேட்கிறவர்களுக்கு நான் பவர்பாயிண்ட் கோப்பைத்தான் அனுப்புகிறேன்.