செவலையின் தோள்பட்டை

எங்கள் சிப்பிப்பாறை நாய் செவலைக்கு இப்போது 11 வயது. சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, வழக்கம்போலத் திண்ணையில் ஏற வந்தவள், முன்னங்கால்கள் இரண்டையும் மேலே வைத்துவிட்டு, பின்னங்கால்களைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். ஒத்தக்கடைக்கு அருகில், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டின் திண்ணை இரண்டடி உயரம்கூட இருக்காது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே அவள் நடக்கும்போது சிமெண்டுத் தரையில் நகம் உராயும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அன்று குனிந்து பார்த்தபோதுதான், இடது பின்னங்காலின் நடு நகங்கள் இரண்டும் மேற்புறம் தேய்ந்து மழுங்கியிருந்ததைக் கண்டேன். வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்லி, நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தது பெருந்தவறு.

அன்றிரவே இன்னொரு தவறும் செய்தேன். அம்மா தம் முழங்காலுக்குப் போடும் வலித் தைலத்தை எடுத்துச் செவலையின் இடுப்பில் தேய்த்துவிட்டேன். அவள் அதை நக்கி, வாயில் எச்சில் ஒழுக, விடிவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கற்பூரம், யூகலிப்டஸ், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை கலந்த எந்தத் தைலமும் நாயின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்று மறுநாள் மருத்துவர் சொன்ன பிறகே எனக்குத் தெரியும். நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும்கூட அப்படித்தான். மருத்துவர் சொல்லாமல் அவற்றில் கால் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. நாயைப் பிடித்துவிட எண்ணெயே தேவையில்லை, உலர்ந்த கை போதும்.

எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பது தெரிந்தது. நாய்களுக்கென்றே உள்ள வலி மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவர், தேய்ந்த குருத்தெலும்பைப் பிடித்துவிடுவதால் வளர்க்க முடியாது என்றும், ஆனால் அந்த மூட்டைக் காப்பதற்காக நாள் முழுவதும் இறுகியே கிடக்கும் தசைகளைத் தளர்த்த முடியும் என்றும் தெளிவாகச் சொன்னார். எந்தத் தசைகளை என்பதுதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வலி இடுப்பில்தானே என்று முதல் வாரம் முழுவதும் இடுப்பையே சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். அவள் பொறுத்துக்கொண்டாளே தவிர, விரும்பவில்லை. இயல்பாக நிற்கும் நாயே தன் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்னங்கால் வலிக்கும்போது இன்னும் கூடுதலான எடையை முன்னே தள்ளிவிடுகிறது. நமக்கு இருப்பதுபோல் தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு நாய்க்குக் கிடையாது. அதன் முன்னங்கால் உடற்பகுதியோடு எலும்பு மூட்டால் சேராமல், தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருப்பதால், மார்புக்கூடு முழுவதும் இரண்டு தோள்களுக்கிடையே தூளி போலத் தொங்குகிறது. அந்தத் தூளியின் பாரம் கூடிக்கொண்டே போனால் அதைத் தாங்கும் தசைகள் என்ன பாடுபடும் என்பதை, இடுப்பை விட்டுவிட்டுத் தோள்பட்டைக்குக் கை போன நாளில்தான் உணர்ந்தேன். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், விலாவின் மேல், புளியங்கொட்டை அளவுக்கு இறுகிய முடிச்சுகள் விரலில் தட்டுப்பட்டன. ஒன்றின்மேல் கையை அழுத்தாமல் சும்மா வைத்திருந்தேன். தோல் இரண்டு முறை சிலிர்த்து அடங்கியது. சிறிது நேரத்தில் நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டுத் தலையைத் தரையில் சாய்த்தாள். அன்று முதல் எங்கள் வேலை தோளில்தான் தொடங்குகிறது.

இதில் எனக்குக் கை பழக்கிவிட்டவர் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் எங்கள் பெரியப்பா. கண்மாயில் நீந்தவிட்டுக் கரையேறும் காளையின் தொடைகளை அவர் உருவிவிடுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். செவலையின் அருகில் வந்து அமர்ந்து, "எலும்பு மேல கைய வைக்காத தாயி, சதையில மட்டும் போ" என்றார். முதுகுத்தண்டின் மேலே அழுத்தவே கூடாது, அதன் இருபுறமும் ஓடும் தசையில்தான் போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அதுவேதான்.

மாலையில் சிறுநடை போய்வந்த பிறகு, மடித்துப் போட்ட சாக்கில் அவளாகப் படுத்தால் மட்டுமே தொடங்குவேன். குளிர்காலமாக இருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, இடுப்புக்குப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுப்பேன். பிறகு உள்ளங்கையை முழுவதும் பதித்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே கழுத்திலிருந்து வால்வரை மெதுவாக நீவி, தோளையும் மேல்தொடையையும் விரல்நுனியால் குத்தாமல் கை முழுவதாலும் பிசைந்து, மீண்டும் நீண்ட நீவலோடு முடிப்பேன். மொத்தம் 15 நிமிடம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, மூடிய இமையின்மேல் விரலை வைத்தால் எவ்வளவு அழுத்துவோமோ அவ்வளவில் தொடங்குங்கள் என்றே சொல்கிறேன். நாய் உதட்டை நக்கினாலோ, அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, கையின் பக்கம் தலையைத் திருப்பினாலோ, மூச்சை அடக்கினாலோ, அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பிடித்து இழுத்துப் படுக்கவைக்கக் கூடாது. காலை வெடுக்கென்று இழுத்துச் சொடுக்கு எடுப்பதாகச் சொல்பவர்களிடம் நாயைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கை வைக்கவே கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல், சூடாகச் சிவந்த வீக்கம், புதுக் காயம், சொறி, இன்னதென்று தெரியாத கட்டி ஆகியவை இருந்தால் பிடித்துவிடக் கூடாது. நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயும் மூட்டு வலியால் நொண்டும். அதை மூப்பின் நொண்டல் என்று எண்ணிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தால் சிகிச்சைக்கான நாட்கள் போய்விடும். நாயின் இயல்பான உடல்வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது, வெப்பமானிதான் வைக்க வேண்டும். பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டால், அது தண்டுவடம் தொடர்பானதாக இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இவற்றோடு வழுக்கும் தரையில் தென்னைநார் விரிப்புகளைப் போட்டோம்; நகங்களை அளவாக வெட்டிவிட்டோம்; அம்மா பாசத்தோடு போட்டுவந்த நெய்ச்சோற்றை நிறுத்தி இரண்டு கிலோ எடையைக் குறைத்தோம். நெய்ச்சோற்றை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

செவலை இப்போதும் திண்ணையில் தாவி ஏறுவதில்லை. செங்கல் அடுக்கி நடுவே ஒரு படி வைத்திருக்கிறோம், அதில் கால் வைத்து ஏறுகிறாள். தையல் டேப்பால் மாதம் ஒருமுறை அவளுடைய தொடைகளை அளந்து நாட்காட்டியில் குறித்து வருகிறேன். பிடித்துவிடுவதால் மட்டும் சதை வளராது. வலி தளர்ந்ததால் நடக்கிறாள், நடப்பதால் சதை பிடிக்கிறது. மார்கழியில் இடது தொடை வலது தொடையைவிட 3 சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. இந்த மாதக் குறிப்பில் அது 2 சென்டிமீட்டர்.