போரில் தொலைந்தது

மார்ச் 4, செவ்வாய்
1923 பணவீக்கத்தின்போது பெர்லின் குடும்பங்கள் ரொட்டிக்கு என்ன பாடுபட்டன என்பதுதான் என் ஆய்வு. இன்று பெர்லின் அரசு நூலகத்தில் முதல் நாள். இங்கே எல்லோருக்கும் அது 'ஷ்டாபி'. கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நூலகம் ஒன்று, கட்டடம் இரண்டு என்று. 1945 வரை அச்சானவை பெரும்பாலும் உன்டர் டென் லிண்டன் தெருவில். நான் உட்கார்ந்திருந்தது போட்ஸ்டாமர் தெருவில்.

மார்ச் 6, வியாழன்
சரியான கட்டடம். நான் தேடும் 1922ஆம் வருடச் சிறுநூல் பட்டியலில் இருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'கிரீக்ஸ்ஃபெர்லுஸ்ட்'. போரில் தொலைந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து இந்த நூலகத்தின் புத்தகங்களைச் சுரங்கம், மடாலயம் என்று ஊர் ஊராக அனுப்பி வைத்திருக்கிறார்கள். திரும்பி வராதவற்றில் ஒரு பகுதி போலந்தில், கிராக்கோவ் நகரின் யாகியெல்லோனியன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. பேத்தோவனும் மோட்சார்ட்டும் கைப்பட எழுதிய இசைச்சுவடிகள்கூட அங்கேதான். இல்லாத புத்தகத்துக்கும் பட்டியலில் இடம் விட்டு வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. கைக்குப் புத்தகம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 8, சனி
மகளிர் தினம். பெர்லினில் அரசு விடுமுறை. வீட்டிலிருந்தே கார்ல்ஸ்ரூ மெய்நிகர் பட்டியலில் தேடினேன். அதற்கென்று சொந்தமாக ஒரு புத்தகமும் கிடையாது. தலைப்பைத் தட்டினால் பல நாட்டு நூலகங்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்லும். லைப்சிக் நகரில், ஜெர்மன் தேசிய நூலகத்தில் ஒரு பிரதி! கொஞ்சம் யோசித்திருந்தால் நேரே அங்கேயே கேட்டிருக்கலாம். ஜெர்மனியில் அச்சாவதையெல்லாம் 1913இலிருந்து சேர்த்துவரும் இடம் அது. வீட்டுக்குத் தர மாட்டார்கள், போய்த்தான் படிக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்
சமூக ஜனநாயகக் கட்சியின் நாளிதழ் 'ஃபோர்வேர்ட்ஸ்'. 1933இல் நாஜிகள் தடை செய்யும் வரையிலான இதழ்களை ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட் அறக்கட்டளை நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 'ப்ரைஸே', அதாவது விலைகள் என்று தேடினேன். எதிர்பார்த்ததில் கால்வாசிகூட வரவில்லை. பழைய ஃப்ராக்டூர் அச்சில் சொல்லுக்கு நடுவே வரும் 'எஸ்' நீண்டு, 'எஃப்' மாதிரியே நிற்கும். கணினியும் ஏமாந்திருக்கிறது. சரி என்று எஃப் போட்டு 'ப்ரைஃபே' என்று தப்பாகவே அடித்தேன். கொட்டியது.

எண்களிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஜெர்மன் 'மில்லியார்டே' நம் நூறு கோடி. 'பில்லியோன்' லட்சம் கோடி. ஆங்கிலப் பழக்கத்தில் பில்லியன் என்று படித்தால் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். 1923 நவம்பர் 20 அன்று ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

மார்ச் 13, வியாழன்
லைப்சிக். கையில் அந்தச் சிறுநூல். தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிர்கிறது. அட்டையில் அச்சிட்ட விலையின் மேல் வேறொரு விலைச்சீட்டு. அதன் மூலை பிய்ந்து, அடியில் இன்னொரு சீட்டு தெரிகிறது.