கன்சல்டிங்கா, சொந்தத் தொழிலா? எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் எதை எழுதுவது

கொங்குப் பக்கமிருந்து எம்.பி.ஏ.வுக்குப் போகிற பலருடைய கட்டுரையிலும் ஒரே வரிதான் இருக்கும்: "முதலில் சில வருடம் கன்சல்டிங், அப்புறம் சொந்தத் தொழில்." நேர்முகத்தில் அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "திருப்பூரில் அப்பாவுக்குப் பனியன் கம்பெனி இருக்கிறதே, அதை விட்டுவிட்டு யாருக்கோ ஏன் ஆலோசனை சொல்லப் போகிறீர்கள்?" வீட்டில் "படிச்சுட்டு வந்து கம்பெனியத்தானே பாக்கோணும் கண்ணு" என்று கேட்பதும் இதே கேள்விதான். வீட்டில் சமாளித்துவிடலாம், நேர்முகத்தில் முடியாது.

எதற்கு உங்களிடம் அத்தாட்சி இருக்கிறதோ அதை எழுதுங்கள். அதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். இரண்டு வருட ஐ.ஐ.எம். படிப்பில் ஜூன் வாக்கில் சேர்ந்தால் தீபாவளியை ஒட்டியே சம்மர் பிளேஸ்மென்ட், அதாவது கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுப்பது, வந்துவிடும். இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் (ஐ.எஸ்.பி.) ஒரு வருடப் படிப்பில் கோடை இன்டர்ன்ஷிப்பே இல்லை. பிரான்சின் இன்சியாட் பிசினஸ் ஸ்கூலில் படிப்பு 10 மாதம். ஜனவரியில் சேர்ந்தால் நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு, ஆகஸ்ட்-செப்டம்பர் பேட்ச்சுக்குக் கிடையாது. ஆகவே கன்சல்டிங் என்று எழுதுபவர் சேருவதற்கு முன்பே கேஸ் பயிற்சியைத் தொடங்கியிருக்க வேண்டும். கேஸ் என்றால் ஒரு கம்பெனியின் சிக்கலைக் கொடுத்து வேலை நேர்முகத்தில் அலசச் சொல்வது. 'லாபம் ஏன் குறைந்தது' வகைக் கேஸில் கோவைப் பவுண்டரி, பம்ப்செட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும். தாமிர விலை, காஸ்டிங் ரிஜெக்‌ஷன், டீலரிடம் நிற்கும் பாக்கி என்று பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அதைக் கட்டுரையில் சொல்லாமல் "சிக்கல்களைத் தீர்ப்பதில் ஆர்வம்" என்று எழுதுவதுதான் வீண்.

சொந்தத் தொழில் என்று எழுதுபவர்கள் வேறு இடத்தில் சறுக்குகிறார்கள். "குடும்பத் தொழிலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்வேன்" என்ற வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. அதே பையன் இப்படி எழுதலாம்: துணிக்குச் சாயம் போட வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறோம், ஷேடு மாறினால் ரீ-டையிங், அதில் நாள் தள்ளிப்போய்க் கப்பல் தவறுகிறது, சரக்கை நம் செலவில் விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் போய்விடும். சனிக்கிழமை ஆனால் சம்பளம் கொடுத்தாக வேண்டும், பையர் (சரக்கை வாங்குபவர்) பணமோ ஷிப்மென்ட் போய் 60, 90 நாள் கழித்துத்தான் வருகிறது. இந்த இரண்டு முடிச்சில் எதை அவிழ்க்க எந்தப் பாடம் வேண்டும் என்று சொன்னால், 'ஏன் எம்.பி.ஏ.' என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டாம். புதிதாக ஸ்டார்ட்அப் என்றால் முதல் பத்து வாடிக்கையாளர் யார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கடன். 40 லட்சம், 9.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 51,800 ரூபாய். படிக்கிற காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் அது அசலில் ஏறித் தவணையும் கூடும். கன்சல்டிங் சம்பளம் இதைத் தாங்கும். முதல் வருடத்துப் புதுக் கம்பெனி தாங்குமா? சொந்தத் தொழில் என்று எழுதினால் இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருங்கள், நேர்முகத்தில் கேட்பார்கள். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு, உச்சவரம்பு 75 லட்சம். ஆனால் அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது.

கம்பெனிக்குத் திரும்புவது உறுதி என்றால் மும்பை எஸ்.பி.ஜெயின் நிறுவனத்தில் குடும்பத் தொழிலுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வகுப்பு, மீதி நாள் கம்பெனியில். ஐ.எஸ்.பி.யிலும் குடும்பத் தொழிலுக்குத் தனிப் படிப்பு உண்டு. கன்சல்டிங் வேலைக்காகத்தான் எம்.பி.ஏ. என்பவருக்கு இவை ஒத்துவராது.

கடைசியில் பலர் கோட்டை விடுவது பரிந்துரைக் கடிதத்தில். அப்பாவோ சித்தப்பாவோ எழுதினால் எடுபடாது. பையரின் மெர்ச்சன்டைசர், பையிங் ஆபீஸ் க்யூ.சி. (தரச் சோதனை) மேனேஜர், கம்பெனி ஆடிட்டர் ஆகியோரில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவரைப் பிடியுங்கள். ஆடிட்டரிடம் கேட்பதாக இருந்தால் செப்டம்பருக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ரிட்டர்ன் தாக்கல் நெருக்கத்தில் அவர் போனையே எடுக்க மாட்டார்.