நான்கரை இலை

பேராதனையில் புல்வெளிப் பாடம் படித்தவர்கள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும் எங்களுக்கு அதைக் கற்பித்த சேர் புல்லின் அளவைக் கணிக்க வைத்திருந்த சதுர இரும்புச் சட்டகத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். நல்ல புல்லைப் பார்த்து வைக்க விடமாட்டார். எறிய வேண்டும், விழுந்த இடத்தில் 5 சென்ரிமீற்றர் அடி விட்டு அறுக்க வேண்டும். பத்து இடம். நுவரெலியாவில் காலைப் பனி காயாமல் நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து நிறுபடும் என்பதால் வெயில் ஏறும்வரை தராசு வெளியே வராது.

சதுர மீற்றருக்குச் சராசரி 1.2 கிலோ வந்தால் 60 வீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார். மிச்சம் மிதிபடும், சாணம் விழும். 400 கிலோ பசு நாளுக்குச் சுமார் 40 கிலோ பச்சைப்புல் தின்னும். ஆக, ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 56 சதுர மீற்றர்.

எப்போது மாட்டை உள்ளே விடுவது? இதில்தான் அவர் மற்றவர்களிலிருந்து விலகி நின்றார். இரண்டு நாள் மேய்ச்சல், முப்பது நாள் ஓய்வு என்றால் வேலியிட்டுப் பிரித்த 16 அடைப்பு போதும். ஆனால் தை, மாசியில் உறைபனி கிக்கியுப் புல்லைக் கருக்கும்போது அந்த முப்பது நாள் பற்றாது. அதனால் ஒரு தளிரைப் பிடித்து இலையை எண்ணச் சொல்வார். மேய்ந்தபின் வந்த இலை நான்கு, ஐந்தாவது பாதி விரிந்திருந்தால் விடலாம். இரண்டு இலையிலேயே விட்டால் அடித்தண்டில் சேர்ந்த சத்துத் தீர்ந்து புல் மெலியும், களை ஏறும். பிந்தினால் அடியிலை பழுத்து, தண்டு முற்றி, மெத்தை மாதிரிப் பின்னிக்கொள்ளும். மாடு நுனியைக் கடித்துவிட்டு நிற்கும். பிறகு வெட்டிவிடாமல் அந்த இடம் தேறாது.

சரிவில் வேலியை மேலிருந்து கீழே இழுக்கக் கூடாது. மாடு வேலியோரமாகவே ஏறி இறங்கித் தடம் போடும். ஆடி மழையில் அந்தத் தடம் தண்ணீர் ஓடும் கானாகிவிடும். தண்ணீர்த் தொட்டி அடிவாரத்தில் மட்டும் இருந்தால் சாணமெல்லாம் அங்கேயே சேர்ந்து, மேல்பக்கப் புல் வெளிறும்.

லயத்தில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளரின் மாட்டுக்கு மேய்ச்சல் தரை ஏது? பெரிய பண்ணைகளைவிட அவர்களுக்காக அவர் பட்ட பாடுதான் பெரிது என்பேன். தேயிலை மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற நடும் குவாத்தமாலாப் புல்லை வெட்டி அந்த மலையிலேயே பரப்ப வேண்டும். அதில் ஒரு பங்கை மாட்டுக்கு எடுத்தால், அடுத்த வெட்டுக்குள் கொட்டில் சாணம் அதே மலைக்கு ஏற வேண்டும். சாணம் போடாமல் அறுத்துக்கொண்டே போனால் மண்ணில் பொட்டாசியம் குறையும். முதலில் புல்லின் அடியிலைகளின் நுனிதான் காயும்.