அலை விளையாட்டு

2004 சுனாமிக்குப் பிறகு சில மாதங்கள் நாகப்பட்டினத்தில் ஒரு தற்காலிகக் குடியிருப்பின் அங்கன்வாடியில் இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். அரிசி வந்தது, துணி வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரு சிறுமி தினமும் மணலில் வீடு கட்டுவாள். முடித்ததும் இரு கைகளாலும் வாரியடித்து, "அலை வந்துவிட்டது, ஓடுங்கள்!" என்று கத்துவாள். மறுபடியும் கட்டுவாள். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் தடுக்கப் போனேன். மூத்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு கண்ணு, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, விளையாடிக் காட்டுகிறாள்" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள மட்டும் சொன்னார். சில வாரங்கள் கழித்து அவளே வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு குவித்து, பொம்மைகளை எல்லாம் அதன்மேல் ஏற்றினாள். அன்று நான் அழுதுவிட்டேன்.

திடீரென்று பேச்சு குறைவது, பழக்கம் விட்டுப்போன பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பது, அம்மாவின் முந்தானையை விடாதது, இவையெல்லாம் பயத்தின் வேலை. தயவுசெய்து அடிக்காதீர்கள். தினமும் அதே நேரத்தில் பாட்டு, சத்துமாவு, தூக்கம், அதே முகம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அந்தப் பிஞ்சு மனம் சற்றே ஓயும்.

புயல், வெள்ளம் என்றால் அங்கன்வாடியைப் பூட்டிவிடுகிறோம். எனக்குக் கோபம் வருகிறது. நிவாரண முகாமிலேயே ஒரு மூலை, ஒரு பாய், பிள்ளைகளுக்குப் பழகிய ஆசிரியை. மறுநாளே தொடங்கலாம்.