ஏகே-47இல் ஒரு நீலக்கால் நண்டு: ஸ்கின் வரைந்த முறை

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற சுடும் கணினி விளையாட்டில் துப்பாக்கிக்குப் போர்த்தும் தோற்றம்தான் ஸ்கின். கடலுயிர் ஸ்கின் என்றால் கை முதலில் சுறாவின் வாயைத்தான் வரையும். நாங்கள் எடுத்தது யாழ்ப்பாணத்தின் குருநகர், பாசையூர்ப் பக்கம் கரைக்கு வரும் நீலக்கால் நண்டை. அதிலும் ஆண் நண்டு: பெண் நண்டின் பழுப்பும் பச்சையும் இருட்டான மப்பில் (ஆட்டக் களத்தில்) எடுபடாது.

மாதிரிப் படங்களுக்குக் காலையில் சந்தைக்குப் போவது நல்லது. ஐஸில் நேரம் போகப் போக நிறம் மங்கும். ஈர ஓட்டை வெயிலில் படம் எடுக்கக்கூடாது. வெள்ளைப் பளபளப்பு படத்திலேயே பதிந்து, டெக்ஸ்ச்சரில் (துப்பாக்கியின் மேல் போர்த்தும் படத்தில்) ஏறிய பிறகு துப்பாக்கி திரும்பினாலும் அது அசையாமல் நிற்கும். நிழலில், கறுப்புத் துணியில் வைத்து, மேல், கீழ், கொடுக்கின் உள்பக்கம் என்று தனித்தனியாக எடுங்கள். ஓட்டின் இரு ஓரத்திலும் ஒன்பது ஒன்பது முட்கள், கடைசி முள் மற்றவற்றைவிட நீளம். பின்னங்கால் சோடி துடுப்புப் போலத் தட்டை. அதைக் கூராக வரைந்தால் நண்டு தின்று வளர்ந்த ஒருவரிடமும் தப்ப முடியாது.

இனி இடம் பிரிப்பது. முழு நண்டைத் துப்பாக்கியின் பக்கத்தில் ஒட்டினால் ஸ்டிக்கர் போலத்தான் இருக்கும். உறுப்புகளைப் பிரித்துப் பாகங்களில் வையுங்கள். வளைந்த மகசீனுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) நீண்ட, வரம்பு ஓடிய கொடுக்கு. ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடலின்) மேல் மூடிக்கு ஓடு. கைபிடிக்கும் மரப்பாகத்துக்குக் கால் மூட்டுகள். பின்கட்டைக்கு வயிற்றுப்பக்க வெள்ளை. விளையாடும்போது அது பெரும்பாலும் கண்ணில் படாது, அங்கே உழைப்பைக் கொட்டாதீர்கள். துப்பாக்கி வலக்கையில் இருக்கும்போது ஆடுபவருக்குத் தெரிவது அதன் இடப்பக்கமும் மேற்புறமும்தான். வலப்பக்கம் இன்ஸ்பெக்ட் செய்யும்போதுதான் (துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும்போதுதான்) வெளியே வரும்.

வேலைத் தாள் 2048 × 2048. அதில் பத்துப் பிக்சலுக்குக் குறைந்த வெள்ளைப் புள்ளிகள் திரையில் வெறும் இரைச்சலாகிவிடும். உண்மை நண்டில் புள்ளி சிறிதென்றாலும் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறையுங்கள். யூவி தீவுகளின் (மாடலின் மேற்பரப்பை வெட்டித் தாளில் விரித்த துண்டுகளின்) விளிம்புக்கு வெளியே 16 பிக்சல் வரை நிறத்தை இழுத்துவிடவேண்டும். இல்லையேல் தூரத்தில் தையல்கோடு போல ஒரு கீறு தெரியும். நேரான தாளில் வரைந்த கோடு இரண்டு தீவுகளுக்கிடையில் பொருந்தாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடலின் மேலேயே இழுத்தால் அந்தத் தலையிடி இல்லை.

நிறத்தில் 0 கறுப்பும் 255 வெள்ளையும் வேண்டாம்; இரண்டு முனைகளையும் விட்டு நடுவில் வைத்தால் ஒளி சரியாக விழும். ஓடு உலோகமல்ல, ஆகவே மெட்டாலிக்கை (உலோகத்தன்மை அளவை) தொடாமல் ரஃப்னஸை (சொரசொரப்பு அளவை) மட்டும் மாற்றுங்கள்: ஓட்டின் நடுவில் சொரசொரப்பு, கொடுக்கு நுனியில் வழுவழுப்பு. மேடுபள்ளத்தைக் காட்டும் நோர்மல் மப் படத்தில் மேடு குழியாகத் தெரிந்தால் அதன் பச்சைச் சனலை (பச்சை நிற அடுக்கை) தலைகீழாக்கினால் போதும்.

அதிகம் கெடுவது தேய்மானத்தில். விளையாட்டில் ஒவ்வொரு ஸ்கினுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தேய்மான எண் உண்டு; அதன் ஐந்து நிலைகளைப் பிரிக்கும் எல்லைகள் 0.07, 0.15, 0.38, 0.45. நீலம் உரிந்து, அவித்த நண்டின் செம்மஞ்சள் கீழே தெரியவேண்டும் என்பது யாருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் கஸ்டம் பெயின்ட் என்ற இந்த ஸ்கின் வகையில் உரிந்தால் வருவது துப்பாக்கியின் சொந்த இரும்பும் மரமும்தான். செம்மஞ்சள் வேண்டுமென்றால் முதலிலேயே மூட்டு இடுக்குகளிலும் முள் நுனியிலும் வரைந்துவிடுங்கள். தேய்மானம் விளிம்பிலிருந்து தொடங்குவதால், முக்கிய முட்களை ரிசீவர் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைப்பது பாதுகாப்பு. ஸ்கினைச் சோதிக்கும் வேர்க்பெஞ்ச் கருவியில் 0.02, 0.2, 0.4, 0.8 ஆகிய நான்கிலும் பாருங்கள். 0.8இல் நண்டென்று தெரியாவிட்டால் பெரிய வடிவங்களை மாற்றவேண்டும். நுணுக்கம் கூட்டிப் பயனில்லை.

பதிவேற்றுவதற்கு முன் இணையத்தில் எடுத்த படத்தின் துண்டு ஏதும் லேயரில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீம் வேர்க்ஷொப்புக்கு (ஸ்கின்களை அனுப்பும் தளத்துக்கு) போகும் படைப்பு முழுக்கச் சொந்தமாக இருக்கவேண்டும். இருவர் சேர்ந்து செய்தால் வருமானப் பங்கு வீதத்தை அனுப்புவதற்கு முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.