ஆரோவிலில் ஒரு கூடைக் காய்கறி

முதலில் ஆட்டோக் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கிருந்து ஆரோவிலுக்குள் இருக்கும் தோழியின் வீட்டுக்கு 400 ரூபாய் கேட்டார் ஓட்டுநர். பேரம் பேசி 300. சென்னையிலிருந்து வந்த பஸ் டிக்கெட்கூட அவ்வளவு இல்லை! பகல் கொள்ளை. ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

அந்தக் கோபமெல்லாம் தோழி வீட்டுத் திண்ணையில் இருந்த கூடையைப் பார்த்ததும் பறந்துவிட்டது. ஆரோவிலிலேயே இருக்கும் சொலிட்யூட் பண்ணையிலிருந்து வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கிருஷ்ணா மெக்கென்சி 1996-இல் தொடங்கிய பண்ணை. ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகா காட்டிய இயற்கை வேளாண் வழியில் நடக்கிறது. கூடைக்குள் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஒரு பிடி சுண்டைக்காய், பப்பாளிக்காய், முழங்கை நீளத்துக்கு வாழைத்தண்டு. உருளைக்கிழங்கு இல்லை, காரட் இல்லை. "இந்த வாரம் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. நிலம் கொடுப்பதைத்தான் சமைக்கிறேன்" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆண்டு முழுவதும் காலிஃபிளவர் வாங்கித் தின்கிற நகரத்துப் பழக்கம் நாக்கையும் கெடுக்கிறது, பணத்தையும் கரைக்கிறது. இந்தக் கூடை வருகிற பண்ணைப் பங்கு என்ற ஏற்பாட்டின் அடிப்படையே வேறு. சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே பணம் கட்டி, விளைச்சலில் பங்கு பெறுகிறார்கள். மழை கெடுத்தால் கூடை மெலியும். நட்டம் உழவர் தலையில் மட்டும் விழாது. ஜப்பானில் 1970-களிலேயே 'தெய்கெய்' என்ற பெயரில் இது வேரூன்றிவிட்டது. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு வர வேண்டிய ஏற்பாடு இது.

வாழைத்தண்டை நான்தான் நறுக்கினேன். கத்தி இறங்கும்போதே நீர் சொட்டியது. ஒவ்வொரு வில்லைக்கும் நார் இழை இழையாக நீண்டு வர, ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போட்டேன். பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல். பப்பாளிக்காயில் கூட்டு. சுண்டைக்காயைத் தட்டிப் போட்டு வற்றக் கொதித்த குழம்பு. அந்தக் குழம்பின் இளங்கசப்புக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தபோது, மூன்றாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன். புதுச்சேரியில் கடற்கரையோர உணவகங்களில் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

எங்கே தங்குவது, என்னென்ன பார்ப்பது என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். சாப்பாடு இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆரோவிலில் தெரிந்தவர்கள் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். சொலிட்யூடிலேயே உணவகம் இருக்கிறது, பண்ணையில் விளைந்ததைத்தான் சமைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போங்கள். உள்ளே சுற்ற வாடகைச் சைக்கிள் எடுங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.